சக்கரத்தாயியின் தகப்பனார் பெயர்

ஒரு காட்டில் ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. சிங்கம், நரி, முயல் எல்லாரும் தயவுசெய்து எழுந்து போகலாம். உங்கள் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இந்தக் கதையில் வருகிறவர்கள் உங்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். ஓடையில் இறங்கி ஒரு கை மணலை அள்ளினால் அதில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நீங்கள் "சும்மா மணல்" என்று உதறிவிட்டுப் போவீர்கள். அந்தச் சும்மா மணலுக்குள்தான் ஊர் இருக்கிறது, தெரு இருக்கிறது, வரிசை இருக்கிறது, வரிசையில் நடுவில் புகுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த ஊரில் சக்கரத்தாயி என்று ஒரு சக்கரப்பூச்சி இருந்தாள். படித்தவர்கள் அவள் இனத்தை ரோட்டிஃபர் என்பார்கள். அவள் தலையில் இரண்டு வட்டமாக மயிர் முளைத்திருக்கும். அது அசைந்தால் இரண்டு சக்கரம் சுற்றுவதுபோல் இருக்கும். சக்கரம் சுற்றினால் தண்ணீர் வாய்க்குள் வரும், தண்ணீரோடு பாசித் துணுக்கும் வரும், வயிறு நிறையும். அவ்வளவுதான் அவள் பிழைப்பு.

அவள் இனத்தில் ஆண் என்பதே கிடையாது. அம்மா முட்டையிடுவாள், மகள் வருவாள். மகள் முட்டையிடுவாள், பேத்தி வருவாள். கோடிக்கணக்கான வருஷமாக இப்படித்தான். பெண் பார்க்க வருகிறேன் என்று யாரும் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனதில்லை. மாப்பிள்ளை முறுக்கு இல்லை, சம்பந்தி சண்டை இல்லை. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி! சக்கரத்தாயிக்கு ஒரே மகள். பெயர் நீராயி.

சித்திரை வந்தால் ஓடை வற்றிவிடும். அதற்கெல்லாம் சக்கரப்பூச்சிகள் அசர மாட்டார்கள். உடம்பைச் சுருக்கித் தூசு மாதிரி காய்ந்துபோய்க் கிடப்பார்கள். மழை பெய்து தண்ணீர் வந்ததும் சோம்பல் முறித்து எழுந்து, "பாசி இருக்கா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு இருந்த பயமெல்லாம் காற்றுதான். காய்ந்த சக்கரப்பூச்சிக்குத் தூசுக்கு உள்ள கனம்தான் இருக்கும். இரண்டு கோடைக்கு முன்னால் சக்கரத்தாயியின் அக்கா மணலாயி கரை ஓரமாகப் படுத்தாள். ஒரே ஒரு சூறைக்காற்று. போனவள் போனவள்தான், எந்த ஊர்க் கூரையில் விழுந்தாளோ, யார் கண்ணில் விழுந்தாளோ, ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து சக்கரத்தாயி மகளைத் தன் பக்கத்தைவிட்டு விலக விடுவதில்லை.

ஓடையின் நடுவில் யானைக்கல் என்று ஒரு பெரிய கல் கிடந்தது. அதன் அடியில் காற்று புகாது, கோடையிலும் லேசாக ஈரம் இருக்கும். அந்த ஈரத்துக்கு ஆசைப்பட்டு வெண்பூஞ்சைகள் மெல்ல மெல்ல நூல் விட்டுக்கொண்டு வரும். சக்கரப்பூச்சி கிடைத்தால் உடம்புக்குள் நூலை விட்டு உறிஞ்சிவிடும். ஆனால் எல்லாரும் சேர்ந்து சக்கரத்தைச் சுழற்றித் துரத்திவிடுவார்கள். அப்புறம் நிம்மதியாகக் காய்ந்து தூங்குவார்கள். ஒவ்வொரு கோடைக்கும் இதுதான் வழக்கம். யாரும் யாரையும் கேட்டதில்லை, இடம் போதாமல் போனதும் இல்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. சண்டையே இல்லாமல் ஓர் இடம் இருக்கிறது என்றால் அங்கே நிர்வாகம் நடக்கவில்லை என்று மேலிடத்துக்குத் தோன்றிவிட்டது. உடனே "யானைக்கல் அடியிட ஒதுக்கீட்டு வாரியம்" என்று ஒன்று வைத்தார்கள். தலைவராக நீர்க்கரடி ஏகாம்பரம் வந்து உட்கார்ந்தார். எட்டுக் கால், உப்பிய உடம்பு. நீர்க்கரடிகளை வெயில் கொல்லாது, பனி கொல்லாது, அதனால் அவரை நாற்காலியிலிருந்து இறக்கவும் ஒரு வழியும் இல்லை. அவரிடம் ஒரு வித்தை இருந்தது. பதில் தெரியாத கேள்வி வந்தால் எட்டுக் காலையும் உள்ளே இழுத்து, குட்டிப் பீப்பாய் மாதிரி சுருங்கிவிடுவார். பக்கத்தில் ஒரு பலகை மாட்டப்படும்: "அலுவலர் முகாமில் உள்ளார்."

வாரியம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. இனிமேல் கல்லடியில் தூங்க விரும்புகிறவர்கள் படிவம் நிரப்பி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாதவர்கள் வெளியே.

சக்கரத்தாயி மகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். மூன்று நாள் நின்றாள். கவுன்ட்டரில் இருந்தவர் உலகநாதன். இறால் ஜாதி, ஆனால் கடுகில் கால்வாசிகூட இல்லாத உருவம். முதுகில் இரண்டு ஓடு, சிப்பி மாதிரி மூடித் திறக்கும். தனியாகக் கவுன்ட்டர் கட்டவேண்டிய அவசியமே இல்லை. அவர்தான் கவுன்ட்டர், அவர்தான் ஷட்டர்.

ஓடு லேசாகத் திறந்தது. உலகநாதன் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"தகப்பனார் பெயர் போடலையே?"

"எங்களுக்கு அப்பா கிடையாதுங்க" என்றாள் சக்கரத்தாயி.

"அப்ப வீட்டுக்காரர் பெயரைப் போடு."

"வீட்டுக்காரரும் கிடையாதுங்க."

"இறந்துட்டாரா? அப்ப இறப்புச் சான்றிதழ் வேணும்."

"அய்யா, பிறந்தாத்தானேங்க இறக்குறதுக்கு! எங்க இனத்துலயே ஆம்பளை இல்லீங்க. எங்கம்மாவுக்கும் அப்பா இல்லை, அவங்கம்மாவுக்கும் இல்லை."

"அதை நீ சொன்னா ஆச்சா? அப்பா இல்லைங்கிறதுக்கு அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் கொண்டு வா" என்றார் உலகநாதன். டப்பென்று ஓட்டை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து சாப்பாட்டுச் சத்தம் கேட்டது.

சக்கரத்தாயிக்கு வந்த கோபத்தில் இரண்டு சக்கரமும் எதிரெதிராகச் சுற்றின. நேரே ஏகாம்பரத்திடம் போனாள்.

"அய்யா, இல்லாத அப்பனுக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டாள்.

ஏகாம்பரம் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். முதல் ஜோடிக் கால் உள்ளே போயிற்று. "உங்க கோரிக்கை நியாயமானது" என்றார். இரண்டாவது ஜோடி போயிற்று. "வாரியம் இதைப் பரிவோட..." என்றார். மீதியும் போய்விட்டது. பலகை மாட்டினார்கள்.

அவள் வெளியே வந்தபோது நெளியாண்டி காத்திருந்தான். நெளியாண்டி ஒரு நூற்புழு. அந்த ஓடையில் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. எந்த மணல் இடுக்கிலும் புகுந்து வெளியே வருவான், அந்தத் திறமையை வைத்துத்தான் தரகு வேலை பார்த்துவந்தான். கூலி ஒரு வாய்ப் பாசி.

"ஏன் தாயி இப்படி அலையுற? ஒரு அப்பா வேணும், அவ்வளவுதானே? நான் ஏற்பாடு பண்ணித் தரேன்" என்றான்.

"யாரை?"

"வெள்ளைச்சாமியை."

சக்கரத்தாயி அதிர்ந்துபோனாள். வெள்ளைச்சாமி யார் தெரியுமா? வெண்பூஞ்சை! சாட்சாத் கோடைதோறும் இவர்கள் துரத்தியடிக்கிற அந்தக் கூட்டத்துக்குத் தலைவன்.

"அடப்பாவி, அவன் எங்க ஆளுங்களைத் தின்கிறவனாச்சே!"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ரொம்பத் திருந்திட்டார். நானே போய்ப் பேசினேன். 'அனாதைப் பிள்ளைங்க, என் பெயரால இடம் கிடைச்சா எனக்குச் சந்தோஷம்தான்'னு கண்கலங்கிட்டார். கேட்டவங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். இதுவரைக்கும் நானூறு பேருக்குக் கிட்ட அவர்தான் அப்பா."

அது உண்மைதான். சக்கரத்தாயியின் தெருவே போய் எழுதி வாங்கி வந்திருந்தது. பக்கத்து மணல்துகளில் இருந்த பாறையாயி சீட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நீயும் போயேன்டி. பேப்பர்ல தானே அப்பா! பேப்பர் கடிக்குமா?" என்றாள்.

சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: "விண்ணப்பதாரரின் தந்தையும் உடன் தங்கலாம்." சக்கரத்தாயி அதைப் படித்தாள். "இது என்னடி?" என்று கேட்டாள். "அது எல்லாச் சீட்டுலயும் போடுறதுதான், யார் படிக்கிறாங்க" என்று பாறையாயி போய்விட்டாள்.

நாலு நாள் சக்கரத்தாயி பிடிவாதமாக இருந்தாள். தண்ணீர் பாசியின் இடுப்பளவிலிருந்து பாசியின் காலடிக்கு இறங்கியது. பிறகு மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டது. கரையில் காய்ந்த இலை ஒன்று காற்றில் எழும்பிப் பறந்து மறைந்தது.

"அம்மா, பெரியம்மா இப்படித்தான் போனாங்களா?" என்று நீராயி கேட்டாள்.

அந்தக் கேள்வியில் சக்கரத்தாயியின் பிடிவாதம் எல்லாம் உடைந்துபோயிற்று. தனக்காக என்றால் அவள் எழுதியிருக்க மாட்டாள். நெளியாண்டியிடம் போய் ஒரு வாய்ப் பாசியைக் கொடுத்தாள். இரண்டு படிவம் வாங்கினாள். இரண்டிலும் தகப்பனார் பெயர் கட்டத்தில் வெள்ளைச்சாமி என்று எழுதினாள். எழுதும்போது உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் கவுன்ட்டர். உலகநாதன் முதல் படிவத்தைப் பார்த்தார். சக்கரத்தாயி, தகப்பனார் வெள்ளைச்சாமி. "ம், இப்ப சரியா இருக்கு" என்று முத்திரையைத் தூக்கினார். அடுத்த படிவத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று புரட்டினார். நீராயி, தாயார் சக்கரத்தாயி, தகப்பனார் வெள்ளைச்சாமி.

உலகநாதனின் ஓடு முதல்முறையாக முழுசாகத் திறந்தது.

"என்னம்மா இது? உனக்கும் அப்பா வெள்ளைச்சாமி, உன் மகளுக்கும் அப்பா வெள்ளைச்சாமியா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் "அய்யய்யோ" என்றார்கள். ஒருத்தி பக்கத்தில் நின்ற பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். அந்தப் பிள்ளைக்குக் கண் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கே சரியாகத் தெரியாது, இருந்தாலும் பொத்தினாள்.

"சீ! வாரியத்தை என்னன்னு நினைச்சே? மானமுள்ள குடும்பங்க வந்து போற இடம் இது!" என்று உலகநாதன் கத்தினார்.

நெளியாண்டி வழுக்கிக்கொண்டு வந்து அவள் காதோரம் கிசுகிசுத்தான். "ஏன் தாயி, இதுகூடவா தெரியாது? மத்தவங்களைப் பாரு. அம்மா ஒரு வரிசை, மகள் ஒரு வரிசை. ஒருத்தரை ஒருத்தர் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. நீயும் ஒரு வரி எழுது. இவ உன் மகள் இல்லை, வழியில பார்த்த பிள்ளைன்னு போடு. இப்பவே சீல் அடிச்சுடுவார்."

சக்கரத்தாயி திரும்பிப் பார்த்தாள். நிஜந்தான். ஏற்கெனவே சீட்டு வாங்கிய பாறையாயி கல்லடிக்குப் போகிற ஒரு வரிசையில் நின்றாள், அவள் மகள் குளிராயி இன்னொரு வரிசையில் நின்றாள். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீராயி அம்மாவின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா பேருல பொய் எழுதிட்டேன்" என்றாள் சக்கரத்தாயி. "அவன் இல்லாதவன், அவனுக்கு வலிக்காது. இவ இருக்காளே. இவளை இல்லைன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"அப்ப காத்துல போ!" என்றான் நெளியாண்டி. கூலிப் பாசியை மட்டும் திருப்பித் தரவில்லை.

உலகநாதன் அழகான கையெழுத்தில் எழுதினார்: "விண்ணப்பதாரரின் குடும்ப அமைப்பு பொது ஒழுக்கத்துக்கு மாறாக இருப்பதால் இவ்விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது." முத்திரை விழுந்தது. தெருவே அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. எல்லாரும் கல்லடிக்குப் போனார்கள். வாசலில் வெள்ளைச்சாமி நானூற்றுப் பன்னிரண்டு சீட்டின் நகலோடு நின்றுகொண்டிருந்தான். முன்பு என்றால் சக்கரத்தைச் சுழற்றித் துரத்தியிருப்பார்கள். இப்போது எப்படித் துரத்துவது? அவனிடம் பேப்பர் இருக்கிறது.

"வாங்க பிள்ளைகளா, அப்பா பின்னாலேயே வரேன்" என்றான்.

அம்மாவும் மகளும் திறந்த மணலில் படுத்தார்கள். சக்கரத்தாயி பிசின் சுரக்கும் தன் காலால் மகளை இறுக்கி ஒட்டிக்கொண்டாள். "தூங்குடி, எங்க போனாலும் சேர்ந்தே போவோம்" என்றாள். அவளுக்கு அழுகையாக வந்தது. அழுவதற்கு உடம்பில் தண்ணீர் இல்லை. மெல்லச் சுருங்கினாள், காய்ந்தாள், தூசானாள்.

மூன்றாம் நாள் சூறைக்காற்று வந்தது. இரண்டு தூசும் ஒன்றாக எழும்பிப் போயின.

எங்கே போயின? ரொம்ப தூரம் இல்லை. கரையில் ஒரு மருதமரம் இருந்தது. அதன் பட்டை இடுக்கில் போய்ச் சொருகிக்கொண்டன. அதெப்படி அவ்வளவு சரியாக என்று கேட்காதீர்கள். நீங்கள் பேசுகிற நரியை நம்பினவர்கள்தானே.

ஆனியில் மழை பிடித்தது. மரத்தில் வழிந்த தண்ணீர் இருவரையும் நனைத்து, எழுப்பி, இழுத்துக்கொண்டுபோய் அதே ஓடையில் போட்டது. சக்கரத்தாயி முதலில் மகளைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தாள். "பாசி இருக்காம்மா?" என்று நீராயி கேட்டாள். சக்கரத்தாயிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இருவரும் கல்லடிக்கு ஓடினார்கள். அங்கே வெள்ளையாக இருந்தது. மேலே, கீழே, ஒவ்வொரு மணலிலும் நூல் நூலாக வெள்ளை. நூலுக்குள் உறை மட்டும் தொங்கியது. "பாறையாயீ!" என்று கூப்பிட்டாள். "குளிராயீ!" என்றாள். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்திகூடப் பதில் சொல்லவில்லை. வெள்ளைச்சாமி கொடுத்த கமிஷனுக்கு நன்றி சொல்லப் போன நெளியாண்டி ஒரு மூலையில் தொங்கினான். வெள்ளைச்சாமி குடும்பத்தார் நூற்புழுவுக்கென்றே வட்டமாகச் சுருக்கு வைப்பார்கள் என்பது அத்தனை சந்து தெரிந்தவனுக்கும் தெரியாமல் போய்விட்டது. சக்கரத்தாயி தரையில் விழுந்து அழுதாள். அவளைச் சீ என்றவர்கள்தான். ஆனாலும் அவள் தெரு அல்லவா?

அழுது முடித்து வாரியத்துக்குப் போனாள். ஏகாம்பரம் மழையில் ஊறி உப்பிக் காலை ஒவ்வொன்றாக வெளியே விட்டுக்கொண்டிருந்தார். கையில் ஆண்டறிக்கை.

"அய்யா, எல்லாரும் செத்துட்டாங்க!" என்றாள்.

"யார் சொன்னது?" என்றார் ஏகாம்பரம். "ஒதுக்கீடு நானூத்துப் பன்னிரண்டு. கோடை முழுக்க ஒரு புகார் வந்ததா? இல்லை. ஒருத்தராவது இடத்தைக் காலி பண்றேன்னு எழுதிக் கொடுத்தாங்களா? இல்லை. வாரிய வரலாற்றிலேயே இப்படி ஒரு கோடை நடந்ததில்லை."

"அய்யா, அவங்களைத் தின்னுட்டான் அவங்க அப்பா!"

"அது குடும்ப விவகாரம். வாரிசு அவர்தான்னு இடத்தையெல்லாம் அவர் பெயருக்கே மாத்தியாச்சு. சிறந்த தகப்பனார் விருதும் அறிவிச்சிருக்கோம்." ஏகாம்பரத்தின் முகம் கனிந்தது. "உன் விஷயமும் கேள்விப்பட்டேம்மா. பாவம், காத்துல கிடந்தியாமே. வாரியம் கல் மனசு இல்லை. அடுத்த கோடைக்கு உனக்கு விதியைத் தளர்த்தியிருக்கோம். அப்பா பெயரே வேண்டாம். உனக்கும் உன் மகளுக்கும் கல்லடியில இடம் உறுதி. ஒதுக்கின இடத்துலதான் படுக்கணும், அது விதி. வெள்ளைச்சாமியே பெரிய மனசு பண்ணித் தன் பக்கத்து இடத்தை விட்டுக் கொடுத்திருக்கார்."

சக்கரத்தாயிக்குத் தலைச்சக்கரம் நின்றுவிட்டது. சடாரென்று காலில் விழுந்தாள். எட்டுக் கால் இருந்ததால் எந்தக் காலில் விழுவது என்று ஒரு நொடி திணறினாள்.

"அய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்களை நிராகரிச்சுடுங்க!"

இப்படி ஒரு விண்ணப்பம் இதுவரை வந்ததில்லை. ஏகாம்பரம் அவளைப் பார்த்தார், விதிப்புத்தகத்தைப் பார்த்தார். முதல் ஜோடிக் கால் உள்ளே போயிற்று. பிறகு மீதியும். பலகை வந்தது.

சக்கரத்தாயி கவுன்ட்டருக்கு ஓடினாள். உலகநாதன் ஓட்டைத் திறந்து, "இடம் கொடுன்னு உத்தரவு வந்திருக்கு. நிராகரிக்க ஒரு காரணம் வேணுமே, எதைச் சொல்லி நிராகரிக்கிறது?" என்றார்.

"பழைய காரணமே இருக்குங்களே அய்யா" என்றாள் சக்கரத்தாயி. நீராயியை முன்னால் தள்ளி நிறுத்தினாள். ஓடை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "இவ என் மகள்தான். எங்க ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர்தான்!"

"சீ!" என்றார் உலகநாதன். முத்திரை விழுந்தது.

சக்கரத்தாயி நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வரும் வழியில் நீராயி கேட்டாள்: "அம்மா, அதுக்கடுத்த வருஷம்?"

"அதுக்கடுத்த வருஷமும் இதே மாதிரி வந்து கேவலப்பட்டுட்டுப் போகலாம்டி" என்றாள் சக்கரத்தாயி.

நீதி: விண்ணப்பத்தில் ஒருபோதும் பொய் எழுதாதே. எழுதினால் கேட்டது கிடைத்துவிடும்.